மனம் காத்தவர்கள் – 9: தேநீர் கொடுக்க வந்தவர்கள்

அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் டாக்டர் வித்யாசாகர் கூடாரம் அடித்து, நோயாளியோடு அவருடைய தாய் தகப்பனையும் உடன்பிறந்தவர்களையும் தங்கவைத்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1950களின் அந்தக் கூடாரங்கள் ரத்த உறவை நம்பி அடிக்கப்பட்டவை. அதே காலத்தில் லண்டனில் ஒரு பாதிரியார் முன்பின் தெரியாத மனிதர்களை நம்ப வேண்டிவந்தது. அது அவர் போட்ட திட்டம் இல்லை. தன் அறைக்கு வெளியே நடந்துகொண்டிருந்த ஒன்றைக் கவனித்தார், அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் சாகத் துணிந்த ஒருவரின் கையைப் பிடிக்கும் தகுதி யாருக்கு உண்டு என்ற கேள்விக்கு உலகம் அதுவரை வைத்திருந்த பதில் அன்றோடு மாறத் தொடங்கியது.

அவருக்கு முன்பும் முயற்சிகள் இருந்தன. நியூயார்க்கில் 1906இல் ஹாரி வாரன் என்ற பாப்டிஸ்ட் போதகர் தற்கொலையைத் தடுப்பதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். வியன்னாவில் 1928இல், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விக்டர் ஃபிராங்கல் இளைஞர்களுக்கான ஆலோசனை நிலையங்களைத் திறந்தார். அப்போது அவர் மருத்துவ மாணவர். பள்ளிகளில் மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாட்களில் அங்கே தனி ஏற்பாடு இருந்தது. பிளஸ் டூ முடிவு வரும் காலையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு அந்த ஏற்பாட்டின் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த முயற்சிகளில் எல்லாம் எதிரே உட்கார்ந்து கேட்டவர் பெரும்பாலும் போதகராகவோ மருத்துவராகவோ படித்த ஆலோசகராகவோ இருந்தார்.

அந்த லண்டன் பாதிரியாரான சாட் வாரா 1911இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் ஒரு பாதிரியார் வீட்டில், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர். 1935இல் லிங்கன் நகரில் உதவிப் பாதிரியாராகச் சேர்ந்த புதிதில் அவர் நடத்திவைத்த முதல் அடக்கம் 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். அவளுக்கு முதல் மாதவிலக்கு வந்திருந்தது. அது என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை. ஏதோ பால்வினை நோய் வந்துவிட்டது, வெளியே தெரிந்தால் அவமானம் என்று அந்தக் குழந்தை முடிவுகட்டிவிட்டாள். நம் ஊரில் பந்தல் போட்டு, மாமன் சீர் வரவழைத்து, தெருவையே கூட்டிச் சொல்லும் செய்தி அது. அவளுக்கோ கேட்க ஒரு காது கிடைக்கவில்லை. பந்தல் போடும் நம் வீடுகளிலும் எத்தனை பேர் அந்தப் பெண்ணை உட்காரவைத்து நடப்பது என்னவென்று விளக்கியிருக்கிறோம் என்பதையும் இந்த இடத்தில் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கல்லறையின் ஓரத்தில் நின்று வாரா எடுத்த முடிவு, இளைஞர்களுக்குப் பாலுறவு பற்றி வெளிப்படையாகச் சொல்லித்தருவது. பாதிரியாருக்கு இது தேவையா என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை. பிழைப்புக்குச் சிறுவர் இதழ்களில் எழுதினார். ‘ஈகிள்’ என்ற படக்கதை இதழில் டான் டேர் என்ற விண்வெளி வீரன் கதைக்கு அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். பாலுறவு பற்றிய அவருடைய கட்டுரைகளைப் படித்து முகம் தெரியாதவர்கள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் வாழ்வின் விளிம்பில் நின்று எழுதினார்கள். பதில் எழுதுவதற்குள் அந்த மனிதர் இருப்பாரா என்ற பயம் அவருக்கு வந்தது. அஞ்சல் வேகம் போதாது, தொலைபேசி வேண்டும் என்ற எண்ணத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

1953இல் லண்டன் சிட்டி பகுதியில் இருக்கும் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ரென் கட்டிய, குவிமாடம் வைத்த அழகான தேவாலயம். உலகப் போரில் குண்டு விழுந்து சேதப்பட்டிருந்தது. சுற்றிலும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும்தான். பகலில் நெரிசல் தாங்காது, இரவில் குடியிருக்க ஆளில்லை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பாதிரியாரை ஓடவைக்கும் பெரிய சபை அங்கே கிடையாது. வாராவுக்கு வேண்டியது அந்த ஓய்வுதான்.

லண்டனில் நாளொன்றுக்கு மூன்று பேர் தற்கொலையில் இறக்கிறார்கள் என்று அவர் படித்திருந்தார். தீப்பிடித்தால் 999ஐ அழைக்கலாம், திருடன் வந்தாலும் அழைக்கலாம். சாக நினைப்பவர் யாரை அழைப்பது? அழைத்தால் வரப்போவது போலீஸ். இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி 1961 வரை குற்றம். பிழைத்துக்கொண்டவரை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பியதும் உண்டு. இந்தச் சட்டத்தை நம் தலையிலும் கட்டிவிட்டுத்தான் போனார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு அது. ‘போலீஸ் கேஸ் ஆயிடும், தெரியாம குடிச்சிட்டான்னு சொல்லிடுங்க’ என்று ஆஸ்பத்திரி வாசலில் உறவினர்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டதற்கு அந்தப் பிரிவுதான் காரணம். மருத்துவரிடமே உண்மையைச் சொல்ல முடியாதபோது, மருந்து உடம்புக்குப் போகும், மனசுக்குப் போகாது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதத்தில். இங்கிலாந்து கைவிட்டு 57 ஆண்டுகள் கழித்து. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309ஆவது பிரிவுக்கு இடமில்லை.

வாராவிடம் திரும்புவோம். 999ஐ நினைவூட்டும்படி ‘மேன்ஷன் ஹவுஸ் 9000’ என்ற எண் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்தார். தேவாலயத் தொலைபேசியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தால், அதன் எண்ணே அதுதான். வாரா பிற்காலத்தில் மகிழ்ந்து மகிழ்ந்து சொன்ன கதை இது. 1953 நவம்பர் 2ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. எடுக்க அவரும் அவருடைய செயலர் விவியன் புரோசரும் மட்டுமே இருந்தார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ‘டெய்லி மிரர்’ பத்திரிகை பைபிளின் நல்ல சமாரியன் கதையை நினைவில் வைத்து ‘தொலைபேசிச் சமாரியர்கள்’ என்று எழுதியது. பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்த இயக்கத்துக்கு சமாரிட்டன்ஸ் என்றுதான் பெயர்.

பத்திரிகைச் செய்தி இரண்டு கூட்டங்களைக் கொண்டுவந்தது. உதவி தேடி வந்தவர்கள் ஒரு கூட்டம், உதவி செய்ய வந்தவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தை என்ன செய்வதென்று வாராவுக்குத் தெரியவில்லை. நல்ல மனதோடு வந்தவர்கள், ஆனால் உளவியல் படித்தவர்கள் இல்லை. திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. வெளியே காத்திருப்பவர்களுக்குத் தேநீர், காப்பி போட்டுக் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத்துணையாக இருங்கள் என்றார். முறை வரும்வரை பொழுதுபோக வேண்டுமே.

சில வாரங்களில் ஒரு வினோதத்தைக் கவனித்தார். முறை வந்து உள்ளே வருபவர்களில் பலர் ஏற்கெனவே பாதி இறக்கிவைத்துவிட்டே வந்தார்கள். சிலர் அவரைப் பார்க்காமலே எழுந்து போனார்கள், ‘அவங்ககிட்ட பேசிட்டேன், இப்போ பரவாயில்லை’ என்று. சிலர் மறுபடி வந்து கேட்டதும் தேநீர் கொடுத்தவரைத்தான். வருகிறவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே தன்னுடைய ஆலோசனையோ மனநல மருத்துவரின் சிகிச்சையோ தேவை, மற்றவர்களுக்கு அந்த வெளி அறையே போதுமானதாக இருந்தது என்று அவருக்குப் புரிந்தது.

1954 பிப்ரவரி 2ஆம் தேதி தன்னார்வலர்களைக் கூட்டி, இனி அழைப்புகளை எடுப்பது அவர்களுடைய வேலை என்று ஒப்படைத்தார். மூன்று மாதம் முன்பு தானே தொடங்கிய பணி. பத்திரிகைகள் புகழ்ந்துகொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் தொலைபேசியை மற்றவர் கையில் கொடுத்தாரே, அந்தச் செயலுக்காகவே இந்தத் தொடரில் அவருக்கு ஓர் அத்தியாயம் தர வேண்டும் என்று நினைத்தேன்.

தேநீர் கொடுத்தவர்களிடம் அப்படி என்ன இருந்தது? அவர்களிடம் விடை இல்லை என்பதுதான் அவர்களுடைய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாதிரியாரிடம் போனால் வேதம் வரும், மருத்துவரிடம் போனால் மருந்து வரும், அப்பாவிடம் போனால் புத்திமதி வரும். எதுவும் தராமல் கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர் கிடைப்பது அரிது. நேரமும் அவர்களிடம் இருந்தது. அதைவிட, அவர்கள் நம் வாழ்க்கையில் இல்லாதவர்கள். உறவுக்காரர் குடும்ப மானத்தைப் பார்ப்பார், பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் நாளைக் காலையில் விழிக்க வேண்டும். பெயர்கூடத் தெரியாதவரிடம் கொட்டிய உண்மை எந்தக் கல்யாண வீட்டிலும் திரும்பிவராது.

ஆனால் நல்ல மனம் மட்டும் போதும் என்று வாரா நினைக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. தன் மதத்தைப் பரப்ப வாய்ப்புத் தேடி வந்தவர்களை அந்தப் பாதிரியாரே திருப்பி அனுப்பினார். தன்னார்வலர் எவரும் தன் நம்பிக்கையை, அது மதமோ அரசியலோ, அழைத்தவர் மேல் திணிக்கக் கூடாது என்பது தொடக்க காலத்திலேயே எழுதிவைத்த விதி. கேட்டது வெளியே போகக் கூடாது. எதைக் கேட்டாலும் அதிர்ச்சியடையக் கூடாது. தீர்ப்புச் சொல்லக் கூடாது. தேவைப்படுபவரை மருத்துவரிடம் அனுப்பத் தயங்கக் கூடாது. இந்தப் பட்டியலில் எத்தனை ‘கூடாது’ இருக்கின்றன, பாருங்கள். பயிற்சியின் பெரும்பகுதி, நமக்கு இயல்பாக வரும் சொற்களை நிறுத்திவைக்கப் பழகுவதுதான்.

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இந்தப் பயிற்சிக்கு ஒருவர் வந்தால், முதலில் எதை நிறுத்தப் பழக வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ‘உனக்கென்ன குறைச்சல்?’ ‘அட, இதுக்கெல்லாமா?’ ‘புள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாத்தியா?’ ‘சாமி மேல பாரத்தைப் போடு.’ ‘எல்லாம் சரியாயிடும்.’ இவை ஒவ்வொன்றும் பாசத்தில் பிறந்த சொல்தான். ஆனால் கேட்பவருக்கு என்ன கேட்கிறது? குறை இல்லாதபோதும் வலிக்கிறதென்றால் நான்தான் கோளாறு. இதற்கெல்லாம் சாக நினைப்பவன் கோழை. பிள்ளைகளை நினைக்காத தாய் நான். பேசத் தொடங்கியவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார். ஒருவர் அழைத்தவராகவும் இன்னொருவர் கேட்பவராகவும் நடிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கவனிக்கும் ஒத்திகைகள் இந்தப் பயிற்சிகளில் எங்கும் உண்டு. ‘எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லாமல் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள் என்றால், அனுபவப்பட்ட ஆசிரியரும் திணறிப்போவார்.

இன்னொன்று அதைவிடக் கடினம். சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்பது. அமங்கலமான வார்த்தையை வாயில் வைக்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் குழந்தை விளையாட்டாக ‘செத்துருவேன்’ என்றால் ‘வாயைக் கழுவு’ என்போம். கேட்டால் இல்லாத எண்ணத்தையும் தூண்டிவிட்டதாகும் என்ற பயம் படித்தவர்களுக்கும் உண்டு. ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த எண்ணத்தோடு தனியாகப் போராடிக்கொண்டிருப்பவருக்கு, அதை இன்னொருவர் பதறாமல் பெயர் சொல்லிக் கேட்பதே பெரிய ஆறுதல். ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது, ஆபத்தானவற்றை அருகில் வைக்கக் கூடாது, மருத்துவ உதவிக்குக் கூடவே போக வேண்டும். இது தொலைபேசித் தன்னார்வலருக்கு மட்டுமான பாடம் இல்லை. வீட்டில் அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும், விடுதிக் காப்பாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1958இல் எட்வின் ஷ்னைட்மன், நார்மன் ஃபார்பெரோ என்ற இரண்டு உளவியலாளர்கள் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு மையம் எதிர்த் திசையிலிருந்து இதே முடிவுக்கு வந்தது. நிபுணர்களை வைத்துத் தொடங்கியவர்கள், 1960களில் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களிடம் தொலைபேசியைக் கொடுத்தார்கள்.

*

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. தாண்டினால் வரலாறு புகழ்மாலையாகிவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963இல் 5,714 பேர் தற்கொலையில் இறந்தார்கள். 1975இல் அது 3,693ஆகக் குறைந்தது. மற்ற ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சமாரிட்டன்ஸ் கிளைகள் ஊர் ஊராகப் பரவியதும் அதே காலத்தில்தான். 1968இல் வெளியான ஓர் ஆய்வு, கிளை உள்ள நகரங்களில் இறப்பு குறைந்திருக்கிறது என்றது. இயக்கத்துக்கு அது பெரும் மகிழ்ச்சி. 1978இல் வேறு ஆய்வாளர்கள் இன்னும் கவனமாக ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. உண்மைக் காரணம் சமையலறையில் இருந்தது. அதுவரை வீடுகளுக்கு வந்த நிலக்கரி வாயு நச்சுத்தன்மை கொண்டது. 1963இல் நடந்த தற்கொலைகளில் பத்தில் நான்குக்கும் மேல் அதனால் நேர்ந்தவை. பிறகு நஞ்சு குறைந்த வாயுவும், வட கடலிலிருந்து இயற்கை வாயுவும் வந்தன. யாரும் உயிர்காக்க நினைத்துச் செய்த மாற்றம் இல்லை அது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு வழி மூடியதும், அப்படி இறந்திருக்கக்கூடிய பெரும்பாலோர் வேறு வழி தேடிப்போகாமல் வாழ்ந்தார்கள்.

அப்படியானால் அந்தத் தன்னார்வலர்கள் இரவெல்லாம் விழித்திருந்து கேட்டது வீணா? இல்லை. ஒரு நாட்டின் மொத்தக் கணக்கை மாற்றுவது ஒரு வேலை, இந்த இரவை ஒருவர் கடக்க உதவுவது இன்னொரு வேலை. முதல் வேலைக்குச் சட்டமும் அரசும் வேண்டும். அந்த நிலக்கரி வாயு சொல்லித்தந்தது என்னவென்றால், சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை, அந்தச் சில மணி நேரம் கடந்தால் மனிதர் திரும்பிவருவார். அந்தச் சில மணி நேரத்துக்குத் துணையிருப்பதைத்தான் கேட்பவர் செய்கிறார். இரண்டு அறிவும் ஒரே உண்மையின் இரு முனைகள். இதைப் புரிந்துகொண்டு இரண்டையும் ஒரே கையில் எடுத்த இடங்களில் நம் மண்ணும் ஒன்று என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

1974இல் இலங்கையில் ஜோன் டி மெல் என்ற பெண்மணி ‘சுமித்ரயோ’ அமைப்பைத் தொடங்கினார். சாட் வாராவின் வழியில் உலகெங்கும் அமைந்த குழுக்கள் பிஃப்ரெண்டர்ஸ் என்ற குடையின் கீழ் கூடியதும் அதே ஆண்டில். இலங்கையில் தற்கொலை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. 1995இல் லட்சத்துக்கு 47 பேர் என்ற அளவைத் தொட்டது, உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. பெரும்பாலானவை பூச்சிமருந்தால் நேர்ந்தவை. கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது, விகிதம் பெருமளவு சரிந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து 1998லேயே நீக்கினார்கள். சுமித்ரயோ தன்னார்வலர்கள் கொழும்பில் தொலைபேசியோடு நிற்காமல் கிராமங்களுக்கும் போனார்கள்.

சென்னையில் 1986 ஏப்ரலில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’வைத் தொடங்கினார். அவரே மனநல மருத்துவர், ஆனாலும் தொலைபேசியை எடுப்பது பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான். சம்பளம் கிடையாது. வெளியே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் கிடையாது. வீட்டில் தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து காத்திருந்த காலம் அது. அதனால் நேரில் வந்து பேசலாம், கடிதமும் எழுதலாம் என்று வைத்தார்கள். 044-24640050 என்ற எண்ணில் இன்றும் அவர்களை அழைக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416, அதில் தமிழிலும் பேசலாம். இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இது கதையாக இல்லாமல் இன்றைய இரவாக இருந்தால், தொடரைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அழையுங்கள்.

சினேகா ஒரு தொலைபேசி எண்ணோடு நின்றிருந்தால் லண்டனின் நகலாக மட்டும் இருந்திருக்கும். தேர்வு முடிவுக் காலத்தில் வரும் அழைப்புகளைக் கேட்டுக் கேட்டு, தோற்ற மாணவன் ஒரு வருடம் காத்திருக்காமல் சில வாரங்களில் மறுதேர்வு எழுத வழி வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவர்களும் உண்டு. இன்றைக்குத் தோற்ற பாடத்தை உடனே எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு, அதற்குப் பின்னால் யார் யாருடைய கண்ணீர் இருக்கிறது என்று தெரியாது.

2004 சுனாமிக்குப் பிறகு சென்னையின் சீனிவாசபுரத்தில், குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களிடம் தன்னார்வலர்கள் போய்வந்தார்கள். ஒருமுறை போய் நிவாரணம் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. மாதக்கணக்கில், அதே முகங்களாகப் போனார்கள். அப்படித் துணை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் பின்னர் ஒப்பிட்டபோது, துணை கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. கடலில் பிள்ளையைக் கொடுத்த தாயிடம் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? சொல்ல எதுவும் இல்லாதபோதும் போய் உட்கார முடியும் என்பதற்குத்தான் அவர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள். இழவு வீட்டில் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததுதான். பதினாறாம் நாளோடு அது முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் துக்கம் தனியாகிறது.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் 2010ஐ ஒட்டி நடந்த முயற்சியைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. பூச்சிமருந்து விவசாயி வீட்டில் பரண் மேலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும். சண்டை நடந்த ராத்திரியில் இரண்டடி தூரம். எனவே இரண்டு கிராமங்களில் வீட்டிலிருந்த மருந்தையெல்லாம் கொண்டுவந்து வைக்க ஒரு பொதுக் கிடங்கு கட்டினார்கள். உள்ளே வரிசையாகப் பூட்டுப் பெட்டிகள், குடும்பத்துக்கு ஒன்று. மேற்பார்வைக்கு ஓர் ஆள். வயலுக்குத் தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். இந்தக் கிராமங்களில் பூச்சிமருந்தால் நேரும் இறப்பும் முயற்சியும் குறைந்தன. சிறிய ஆய்வு, இதை வைத்து ஒரு மாநிலத்துக்கே முடிவு சொல்லிவிட முடியாது. ஆனால் நிலக்கரி வாயுவில் தற்செயலாகத் தெரிந்த உண்மையை இங்கே ஊர்மக்கள் தெரிந்தே செய்தார்கள். ‘என் வீட்டு மருந்தை நான் ஏன் வெளியே வைக்கணும்?’ என்று கேட்கும் குடும்பத்தைச் சமாதானப்படுத்த எந்த நிபுணராலும் முடியாது, அந்த ஊர்க்காரரால்தான் முடியும்.

2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையில் இறந்தார்கள், அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. மருத்துவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இன்னும் நிறைய வேண்டும். ஆனால் அவரிடம் போய்ச் சேரும்வரை அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு அருகில் இருப்பவர்தான் வழி.

அருகில் இருப்பவர் என்று சொல்லும்போதுதான் வாராவின் முறைக்கு ஒரு சோதனை வருகிறது. அவருடைய தன்னார்வலர் முகம் தெரியாதவர், பணி நேரம் முடிந்ததும் மூத்தவர் ஒருவரிடம் மனப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்கள் வாழும் முகாம்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் லட்சுமி விஜயகுமார் குழுவினர் பயிற்சி நடத்தியபோது அந்த வசதி இல்லை. பயிற்சி பெற்றவர்களும் அதே முகாம்வாசிகள். போரில் ஊரை இழந்து, பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஆபத்தில் இருப்பவரை அவர்கள் அடிக்கடி போய்ப் பார்த்தார்கள். அவரோடு உட்கார்ந்து ஓர் அட்டையை நிரப்பினார்கள்: மனம் மோசமாகப் போகிறது என்பதற்கு என்ன அடையாளம், அப்போது எது கொஞ்சம் ஆற்றும், யாரிடம் போகலாம், யாரை அழைக்கலாம். 2017இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி, அந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்திருந்தன.

அங்கே கேட்பவரும் சொல்பவரும் மறுநாள் காலை ஒரே குழாயடியில் குடம் வைக்கிறார்கள். ரகசியம் காப்பது அங்கே பத்து மடங்கு கடினம். கேட்டதைச் சுமந்துகொண்டு அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் தூங்குவது அதைவிடக் கடினம். முகம் தெரியாதவருக்கு எழுதிய விதிகள் முகம் தெரிந்தவருக்குப் பொருந்துமா? இதே கேள்வியை 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு கணவனும் மனைவியும் கேட்டார்கள். பெட்டி கிச்சனர் செவிலியர் கல்வியும் ஆசிரியப் பணியும் அறிந்தவர், மனச்சோர்வை அனுபவித்து மீண்டவர். டோனி ஜோர்ம் ஆய்வாளர். மாரடைப்புக்கும் எலும்பு முறிவுக்கும் முதலுதவி சொல்லித்தரும் உலகம் மனசுக்கு ஏன் சொல்லித்தரவில்லை என்று யோசித்து, அலுவலகத் தோழருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவர்கள் வகுத்த பாடத்திட்டத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)